தாய்லாந்தில் வாடகை ஸ்கூட்டர் இடித்துவிட்டால்

வந்த கேள்வி இது: "தம்பியும் அவன் நண்பர்களும் ஃபுகெட் போகிறார்கள். ஆளுக்கொரு ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துச் சுற்றுவதாகத் திட்டம். அங்கே விபத்து ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்ய வேண்டும்? கடைக்காரர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வாராமே, கொடுக்கலாமா? டிராவல் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறோம், போதாதா?"

பின்னால் கேட்ட இரண்டுக்கும் பதில் சின்னது. பாஸ்போர்ட்டைக் கொடுக்கக் கூடாது. இன்சூரன்ஸ் பெரும்பாலும் போதாது. முதல் கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஃபுகெட்டில் சுற்றுலாக் குழுக்களுக்கு வண்டியும் ஓட்டலும் ஏற்பாடு செய்து கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். வருகிறவர்களில் தமிழ்நாட்டு ஆட்கள் நிறைய. ராத்திரியில் போன் அடித்தால் ஒன்று ஏர்போர்ட் பிக்கப் தகராறாக இருக்கும், இல்லையென்றால் ஸ்கூட்டராக இருக்கும். அப்படி போலீஸ் ஸ்டேஷனில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில் சின்ன இடி என்றால் ரோட்டிலேயே பஞ்சாயத்து முடிந்துவிடும். கூட்டம் கூடும், இரண்டு பேர் சத்தம் போடுவார்கள், ஐந்நூறோ ஆயிரமோ கை மாறும், அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்தப் பழக்கத்தை அப்படியே தாய்லாந்துக்குக் கொண்டுபோவதுதான் நம்மவர்களை மாட்டிவிடுகிறது. அங்கே விபத்துக் கணக்கு தீர்கிற இடம் போலீஸ் ஸ்டேஷன். யார் யாருக்கு என்ன கொடுப்பது என்பது அங்கே உட்கார்ந்து பேசி, எழுதி, கையெழுத்துப் போட்டு முடிகிற விஷயம். ரோட்டிலேயே பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால், அடிபட்டவர் மறுநாள் கழுத்து வலி என்று புகார் கொடுக்கும்போது நீங்கள் பணம் கொடுத்ததற்குச் சாட்சியும் இருக்காது, இன்சூரன்ஸுக்குக் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. அது மட்டுமில்லை, போலீஸுக்குச் சொல்லாமல் கிளம்பியதே தனிக் குற்றமாகிவிடும். தாய்லாந்தின் 1979ஆம் ஆண்டு தரைப் போக்குவரத்துச் சட்டம், 78ஆம் பிரிவு: விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர், தவறு யாருடையதாக இருந்தாலும், வண்டியை நிறுத்த வேண்டும், உதவ வேண்டும், அருகிலுள்ள அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், பெயரும் முகவரியும் கொடுக்க வேண்டும். நிற்காமல் போனால் சிறை வரைக்கும் போகும். வாடகை வண்டியில் தப்பிப்பது வேறு சுலபமில்லை. நம்பர் பிளேட்டை வைத்துக் கடையைப் பிடிப்பார்கள், கடையில் உங்கள் பாஸ்போர்ட் நகல் இருக்கும்.

சரி, இடித்துவிட்டது. முதல் பத்து நிமிடம் என்ன செய்வது?

மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு அடி இல்லையென்றால் எதிராளியைப் பாருங்கள். சத்தம் மட்டும் போடாதீர்கள். தாய்லாந்துக்காரர்கள் முன்னால் குரலை உயர்த்தினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த இடத்தில் இருக்கிற அத்தனை பேரும் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். ஆம்புலன்ஸுக்கு 1669, போலீஸுக்கு 191, சுற்றுலாப் போலீஸுக்கு 1155. இந்தக் கடைசி நம்பர்தான் உங்களுக்கு முக்கியம், ஆங்கிலத்தில் பேசுவார்கள். விபத்தை விசாரிப்பது உள்ளூர் ஸ்டேஷன்தான், சுற்றுலாப் போலீஸ் இல்லை. ஆனால் இரண்டு தரப்புக்கும் நடுவில் பேச ஆள் வேண்டுமே, அதற்கு அவர்கள்.

நீங்கள் போன் செய்வதற்குள்ளேயே பிக்கப் வண்டியில் சீருடை போட்ட இளைஞர்கள் வந்து இறங்கினால் பயப்பட வேண்டாம். அங்கே மீட்பு அறக்கட்டளைகள் என்று உண்டு. பாங்காக்கில் போ தெக் துங், ஃபுகெட்டில் குசோல்தாம். சீனக் கோயில் மரபில் தொடங்கிய தர்ம அமைப்புகள், ஆட்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். பணம் கேட்க மாட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று நீங்கள் சொல்லாவிட்டால் பெரும்பாலும் அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். படோங் பக்கம் என்றால் படோங் ஆஸ்பத்திரி, ஃபுகெட் டவுன் என்றால் வச்சிரா. உயிருக்கு ஆபத்தில்லாத காயத்துக்கு அரசு ஆஸ்பத்திரியே நல்லது என்பது என் எண்ணம். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் தனியாருக்கும் அதற்கும் பில்லில் உள்ள வித்தியாசம் சாதாரணமானதில்லை.

வண்டிகளை நகர்த்துவதற்கு முன்னால் படம் எடுங்கள். எல்லோரும் எடுப்பது நொறுங்கிய மட்கார்டைத்தான். எடுக்க வேண்டியது வேறு. சாலையின் இரு பக்கமும் தெரிகிற மாதிரி தள்ளி நின்று நான்கைந்து படம். பிரேக் போட்ட தடம், கொட்டிக் கிடக்கும் மணல், சிக்னல், கோடு. எதிர் வண்டியின் நம்பர் பிளேட்டை நேராக நின்று எடுங்கள், நோட்டில் எழுதிக்கொண்டால் போதாது. தாய்லாந்து பைக் பிளேட்டில் மேல் வரியில் எழுத்துகள், நடு வரியில் மாகாணத்தின் பெயர், கீழே எண் இருக்கும், எண் தவிர எல்லாம் தாய் மொழியில். அதே எழுத்தும் எண்ணும் வேறு மாகாணத்தில் இன்னொரு வண்டிக்கு இருக்கலாம். நடு வரி இல்லாமல் வெறும் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சுற்றிலும் கேமரா இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபுகெட்டில் மூலைக்கு மூலை செவன் இலெவன் கடை உண்டு, வாசலில் கேமராவும் உண்டு. அந்தப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால் அன்றைக்கே விசாரணை அதிகாரியிடம் சொல்லி எடுக்கச் சொல்ல வேண்டும். நீங்களே போய்க் கேட்டால் கடையில் கொடுக்க மாட்டார்கள்.

இனி ஸ்டேஷன். படோங், கரோன், சலோங் என்று பகுதிக்கொரு ஸ்டேஷன். எந்த எல்லையில் நடந்ததோ அங்கேதான் போக வேண்டும். பணியில் இருக்கும் விசாரணை அதிகாரி இரு தரப்பையும் எதிரெதிரே உட்கார வைப்பார். அவர் முதலில் பார்ப்பது மூன்று விஷயம்: லைசென்ஸ், ஹெல்மெட், குடி. 'வெளிநாட்டுக்காரன் என்றால் தப்பு அவன் மேல்தான்' என்று இணையத்தில் நிறைய எழுதுகிறார்கள். அது மிகைப்படுத்தல் என்றுதான் சொல்வேன். அந்த மூன்றும் சரியாக இருந்த ஆட்களுக்கு நியாயம் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர் என்ன பேசினாலும் எடுபடாது. சட்டப்படி லைசென்ஸ் இல்லாதது ஒரு குற்றம், விபத்துக்குக் காரணம் யார் என்பது வேறு கேள்வி. மேசையில் இரண்டும் ஒன்றாகத்தான் கலக்கும்.

ஒரு சம்பவம். சலோங் பக்கம் நம் பையன் ஒருவன், சந்தில் இருந்து மெயின் ரோட்டுக்குத் திரும்பும்போது, சந்தைக்குப் போய்விட்டு வந்த ஒரு அம்மாவின் வண்டியில் மோதிவிட்டான். அந்த அம்மாவுக்கு மணிக்கட்டில் முறிவு. வண்டியில் முன்னால் தொங்கிய பையிலிருந்த முட்டை எல்லாம் ரோட்டில். நான் ஸ்டேஷனுக்குப் போனபோது அந்த அம்மாவின் மகன், வாடகைக் கடைக்காரர், பையன், அவன் நண்பர்கள் இரண்டு பேர் என்று சிறிய அறை நிறைந்திருந்தது. மகன் நாற்பதாயிரம் பாட் கேட்டார். பையன் பர்ஸைத் திறந்துவிட்டான், நண்பர்கள் ஏ.டி.எம். எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன். அடுத்த நாள் கடையிலிருந்து வண்டியின் கட்டாய இன்சூரன்ஸ் தாள் வந்தது, சிகிச்சைச் செலவு அதில் போனது. மீதி என்ன என்று அதிகாரி கேட்டார். அந்த அம்மா துணி தைக்கிறவர், மணிக்கட்டு கூடும்வரை வருமானம் கிடையாது. அதற்கும் வண்டி ரிப்பேருக்கும் சேர்த்துப் பேசிப் பன்னிரண்டாயிரத்தில் முடிந்தது. அதிகாரியே ஒப்பந்தம் எழுதினார், இரு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள், நகல் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பேச்சு முடிவதற்கு முன்பே பையன் பழக்கூடை ஒன்று வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாவைக் கும்பிட்டுவிட்டு வந்தான். அதை நான் சொல்லவில்லை, அவனாகச் செய்தது. மகன் இறங்கி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் சிகிச்சை பில் எவ்வளவு, அதில் இன்சூரன்ஸ் எவ்வளவு தருகிறது என்று தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் கையில் கொடுக்கிற பணத்தைப் பற்றிப் பேச்சு. முதல் நாளே ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டால் இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டியதையும் சேர்த்து நீங்கள் கொடுக்கிறீர்கள். தாய் மொழியில் எழுதிய தாளில், என்ன எழுதியிருக்கிறது என்று வரிக்கு வரி தெரியாமல் கையெழுத்து வேண்டாம். போனில் கேமராவைக் காட்டி மொழிபெயர்க்கிற வசதி கையெழுத்துப் பிரதிக்குச் சரிவராது. ஆள் வேண்டும். சுற்றுலாப் போலீஸ், ஓட்டல் வரவேற்பாளர், யாராவது. ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் முன் தினப் பதிவேட்டில் உங்கள் விபத்து பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, முத்திரை போட்ட நகலை வாங்குங்கள். நம் ஊர் எஃப்.ஐ.ஆர். நகல் மாதிரி அதுதான் இனி எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஆஸ்பத்திரி கேட்கும், அந்த ஊர் இன்சூரன்ஸ் கேட்கும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் கம்பெனியும் கேட்கும்.

கட்டாய இன்சூரன்ஸ் என்றேனே, அதைத் தாய்லாந்தில் 'போ-ரோ-போ' என்பார்கள். 1992ஆம் ஆண்டு வந்த, வாகன விபத்தில் பாதிக்கப்பட்டோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எல்லா வண்டிக்கும் இருந்தாக வேண்டியது. அடிபட்டவரின் சிகிச்சைக்கு, தவறு யாருடையது என்று பார்க்காமல், முதலில் 30,000 பாட் வரை கிடைக்கும். ஓட்டியவருக்கும் சேர்த்துத்தான். ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்குக் குறையாது என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தவறு அடிபட்டவர் மேல் இல்லை என்று முடிவானால் சிகிச்சைத் தொகை 80,000 வரை போகும், உயிர் போனாலோ நிரந்தர ஊனம் என்றாலோ 5,00,000 வரை. தவறு ஓட்டியவருடையது என்றால் அவருக்கு அந்த முதல் தொகையோடு சரி. முதல் தொகையை 180 நாட்களுக்குள் கேட்டாக வேண்டும். பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ஒரு கவுண்டர் இருக்கும். பாஸ்போர்ட் நகல், வண்டிப் பதிவுப் புத்தகத்தின் நகல், போலீஸ் பதிவு, இவற்றைக் கொடுத்தால் அவர்களே நேராகக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நம்மவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் கார்டைத் தேய்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்த ஊர் இன்சூரன்ஸ் கம்பெனி இழுத்தடித்தால் இன்சூரன்ஸ் ஆணையத்தின் நம்பர் 1186.

ஆனால் போ-ரோ-போ மனித உடம்புக்கு மட்டும்தான். வண்டிக்கு ஒரு காசு தராது. நீங்கள் இடித்தது நிறுத்தியிருந்த புது கார் என்றால் அதன் கதவு, பெயிண்ட் எல்லாம் உங்கள் தலையில். நீங்கள் ஓட்டிய ஸ்கூட்டரின் சேதமும் அப்படியே. கார் வாடகைக்கு எடுத்தால், வண்டிச் சேதத்துக்கும் தருகிற 'முதல் வகுப்பு இன்சூரன்ஸ்' என்பதைக் கேட்டு வாங்கலாம். இடித்ததும் கம்பெனிக்குப் போன் செய்தால் சர்வேயர் பைக்கில் சம்பவ இடத்துக்கே வந்து, இரண்டு வண்டியையும் பார்த்து, அங்கேயே தாள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். வாடகை ஸ்கூட்டருக்கு இந்த வசதி அபூர்வம். 'இன்சூரன்ஸ் இருக்கா?' என்று கேட்டால் கடைக்காரர் 'இருக்கு இருக்கு' என்பார். அவர் சொல்வது போ-ரோ-போவைத்தான்.

கடைக்காரர் கணக்கு தனி. கிழிந்த சீட், கீறிய பேனல், வளைந்த லீவர் என்று ஒவ்வொன்றுக்கும் விலை போட்ட லேமினேட் அட்டை ஒன்று சில கடைகளில் சுவரிலேயே தொங்கும். எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. நியாயமான கடைகளை எனக்கே தெரியும். ஆனால் உங்கள் பாஸ்போர்ட் அவர் டிராயரில் இருக்கும்போது அந்த அட்டையில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் விலை. பேரம் பேச உங்களிடம் ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரியில் அட்மிஷன், போலீஸ் ஸ்டேஷன், ஓட்டல் மாற்றம், விமானம் எல்லாவற்றுக்கும் அந்தப் புத்தகம்தான் வேண்டும். இந்திய பாஸ்போர்ட் சட்டம் 1967, 17ஆம் பிரிவின்படி பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து. அடகு வைக்க அது நம்முடையதே இல்லை. நகல் கொடுங்கள், இரண்டு மூவாயிரம் பாட் டெபாசிட் கொடுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளும் கடை இருக்கிறது, கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். வண்டியை எடுக்கும்போதே கடைக்காரர் எதிரில் வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள், பழைய கீறல்களைத் தொட்டுக் காட்டிக்கொண்டே. சேதம் ஆகிவிட்டால், கடைக்காரர் சொல்கிற தொகைக்குப் பதில் அந்தக் கம்பெனியின் அங்கீகரித்த சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோய் மதிப்பீடு வாங்கலாம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த வார்த்தை வந்ததுமே தொகை இறங்கும்.

இப்போது உங்கள் டிராவல் இன்சூரன்ஸ். பாலிசியைத் திறந்து விலக்குகள் என்ற பகுதியைப் படியுங்கள். முதல் பக்கத்தில் ஐம்பதாயிரம் டாலர் என்று பெரிதாகப் போட்டிருப்பதில் மயங்க வேண்டாம். அந்த நாட்டில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியிருந்தால் கிடையாது, மது அருந்தியிருந்தால் கிடையாது. இந்த இரண்டு வரியும் ஏறக்குறைய எல்லா பாலிசியிலும் இருக்கும். சிலவற்றில் இருசக்கர வாகனத்துக்கென்று தனி வரம்பும் இருக்கும். இன்னொன்று, 'பர்சனல் லயபிலிட்டி' என்று ஒரு தொகை காட்டியிருப்பார்கள். நீங்கள் யாரையாவது இடித்தால் அவருக்குக் கொடுக்க அது உதவும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மோட்டார் வாகனம் ஓட்டியதால் வந்த பொறுப்பு பெரும்பாலும் அதில் விலக்கு. ஓட்டல் அறையில் டிவியை உடைத்தால் கிடைக்கும், ரோட்டில் ஆளை இடித்தால் கிடைக்காது.

அடிபட்ட அன்றைக்கே பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்குப் போன் செய்து கிளெய்ம் எண் வாங்குங்கள். ஆஸ்பத்திரிக்கு அவர்களே உறுதிக் கடிதம் அனுப்பினால் கேஷ்லெஸ், இல்லையென்றால் நீங்கள் கட்டிவிட்டு ஊரில் வந்து வாங்க வேண்டும். எமர்ஜென்சியில் டாக்டர் எழுதுகிற குறிப்பில் மது வாடை, ஹெல்மெட் இல்லை என்றெல்லாம் இருந்தால் அது அப்படியே ஃபைலில் போய், கிளெய்ம் பார்க்கிறவர் மேசைக்கு வரும். அதை யாரும் மாற்றிக் கொடுக்க மாட்டார்கள். கேட்கவும் வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், கம்பெனியின் குறைதீர் பிரிவு, அதன் பிறகு இந்திய இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா என்ற புகார் தளம், அதற்கும் மேல் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் என்று வழி இருக்கிறது.

ஆக எல்லாம் லைசென்ஸில் வந்து நிற்கிறது. தம்பியிடம் சொல்லுங்கள்: கிளம்புவதற்கு முன் ஆர்.டி.ஓ. மூலம் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்க வேண்டும். பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம், படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். இந்தியா கொடுப்பது 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தின்படியானது, தாய்லாந்து அதை ஏற்கிறது. அதில் 'ஏ' என்ற வகை இரு சக்கர வண்டிக்கு. அந்த இடத்தில் முத்திரை இருக்க வேண்டும். ஊரில் கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருக்கிறவருக்கு அது விழாது, அப்படிப்பட்டவர் ஸ்கூட்டரைத் தொடாமல் இருப்பது நல்லது. இதோடு ஊர் லைசென்ஸின் அசல் அட்டையும் கையில் இருக்க வேண்டும், ஒன்றில்லாமல் மற்றது செல்லாது. இணையத்தில் அரை மணி நேரத்தில் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' அட்டை அடித்துக் கொடுக்கும் தளங்கள் விற்பது வெறும் பிளாஸ்டிக். கடைக்காரர் லைசென்ஸ் கேட்கவே இல்லையே என்பார்கள். அவர் கேட்க மாட்டார், அவருக்கு வேண்டியது வாடகை. சோதனைச் சாவடியில் அபராதம் கட்டிய ரசீதைக் காட்டி அன்றைக்கு முழுக்க ஓட்டலாம் என்று ஒரு பேச்சு உண்டு. மறுபடி அபராதம் போடாமல் விடுவார்களோ என்னவோ, அந்த ரசீது லைசென்ஸ் ஆகாது, இன்சூரன்ஸுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

குடியைப் பற்றி ஒரு வரி. வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். லைசென்ஸ் இல்லாதவருக்கும் இருபது வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கும் 20 மில்லிகிராம்தான், அதாவது ஒரு பியரே அதிகம். ஊத மாட்டேன் என்று மறுத்தால் குடித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்கூட்டரே வேண்டாம் என்று சொல்கிறேனா? ஓட்டத் தெரிந்தவனைத் தடுக்க மாட்டேன். அங்கேயும் இடது பக்கம்தான், சாலை நம்முடையதைவிட நன்றாகவே இருக்கும். அந்த நல்ல சாலைதான் வேகத்துக்குக் காரணமும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 அறிக்கையில் தாய்லாந்தின் சாலை மரணம் லட்சம் பேருக்கு 32.7 என்று மதிப்பிட்டிருந்தார்கள், உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் இரு சக்கர, மூன்று சக்கர வண்டியில் போனவர்கள். ஃபுகெட்டில் கத்துவிலிருந்து படோங்குக்கு இறங்குகிற மலைச் சாலையைப் பார்த்தால் காரணம் புரியும். செங்குத்தான இறக்கம், அடுக்கடுக்கான வளைவுகள், பின்னால் டூர் பஸ். கியர் இல்லாத வண்டியில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் சூடாகி ஒரு கட்டத்தில் பிடிக்காது. மழை விழுந்த முதல் பத்து நிமிடம் அந்தச் சாலையில் நானே காரில்கூட இறங்க மாட்டேன். முதல் முறை போகிறவர் படோங்குக்கு டாக்ஸியில் போய்விட்டு, சமதளமான பக்கத்தில் ஸ்கூட்டரை வைத்துக்கொள்ளட்டும்.

எதிராளிக்குப் பெரிய அடி என்றால் விஷயம் வேறு திசையில் போகும். இருபது நாட்களுக்கு மேல் கடும் வலியோ, வழக்கமான வேலையைச் செய்ய முடியாத நிலையோ இருந்தால் தாய்லாந்துத் தண்டனைச் சட்டத்தில் அது கடுமையான காயம். கவனக்குறைவால் அதை ஏற்படுத்தினால், 300ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. மரணம் என்றால் 291ஆம் பிரிவு, பத்து ஆண்டு வரை. இந்த இரண்டும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய வகை இல்லை. குடும்பத்துக்கு இழப்பீடு கொடுத்துச் சமரசம் ஆனாலும் வழக்கு நீதிமன்றம் போகும். ஆனால் கொடுத்த இழப்பீட்டையும் நடந்துகொண்ட விதத்தையும் நீதிபதி கணக்கில் எடுப்பார் என்பதால் சமரசம் வீணில்லை. இந்த நிலையில் என்னைப் போன்ற ஆட்களின் உதவி போதாது, வக்கீல் வேண்டும், வாக்குமூலத்துக்கு முன்பே வேண்டும். தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இந்தியத் தூதரகம் பாங்காக்கில், சுகும்வித் 23ஆம் சந்தில் இருக்கிறது. அதன் அவசர எண்ணை இணையதளத்தில் பார்த்து ஊரிலேயே போனில் பதிந்துகொள்ளுங்கள். வக்கீல் பட்டியல் தருவார்கள், வீட்டுக்குச் சொல்வார்கள், பாஸ்போர்ட் போய்விட்டால் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். ஆஸ்பத்திரி பில்லைக் கட்டவோ வழக்கை முடிக்கவோ அவர்களால் முடியாது. அதை எதிர்பார்த்து ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

நீங்கள் ஓட்டாமல், டூர் வேனில் பயணியாகப் போய் அடிபட்டால் கதை ரொம்ப எளிது. தவறு உங்களுடையதாக இருக்க வழியே இல்லை, வேனின் போ-ரோ-போவும் அதற்கு மேல் உள்ள இன்சூரன்ஸும் கொடுக்கும். வேன் நம்பரும் போலீஸ் பதிவும் போதும். ஏஜென்சிக்காரர் 'நாங்களே பார்த்துக்கிறோம், போலீஸ் வேண்டாம்' என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சின்னக் காயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அதிகம். முட்டி, முழங்கை சிராய்ப்பு, இறங்கும்போது கெண்டைக்காலில் சைலன்சர் சூடு. 'கடல் தண்ணி பட்டா ஆறிடும்' என்று அன்றைக்கே பீச்சில் இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாளில் சீழ் வைத்து ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். மணலை நன்றாகக் கழுவி எடுத்து, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு, காயம் மூடும்வரை கடல் வேண்டாம். தீவுச் சுற்றுலாவுக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும்.

ஊருக்குத் திரும்புவதில் இரண்டு சிக்கல் வரும். ஆஸ்பத்திரியில் படுத்ததால் தங்கும் காலம் முடிந்துவிடும் போலிருந்தால், முடிவதற்கு முன்பே டாக்டர் சான்றிதழோடு குடிவரவு அலுவலகத்தில் டி.எம். 7 படிவம் கொடுத்து நீட்டிக்க வேண்டும், கட்டணம் 1,900 பாட். விட்டுவிட்டால் நாளுக்கு 500 பாட் அபராதம், உச்சம் 20,000. நடக்க முடியாதவர் சார்பில் வேறொருவர் போகலாமா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது மாவுக்கட்டு. கட்டுப் போட்டு 48 மணி நேரம் ஆகாதவரை, முழுக் கட்டோடு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், மேலே போனால் கால் வீங்கிக் கட்டு இறுக்கும். அவசரம் என்றால் கட்டை நீளவாக்கில் பிளந்து விடச் சொல்ல வேண்டும். பயணத்துக்குத் தகுதி என்ற சான்றிதழும் விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவமும் டிக்கெட் மாற்றும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். காலை நீட்டி உட்கார வேண்டியிருந்தால் கூடுதல் இருக்கைக்குப் பணம் ஆகும், அதையும் கிளெய்மில் சேர்க்கலாம், டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால்.

டிஸ்சார்ஜ் ஆகும் அன்று பில் கவுண்டரிலேயே நின்று வாங்க வேண்டியவை: மருந்து, ஊசி, அறை என்று தனித்தனியாகப் பிரித்த பில் ஆங்கிலத்தில், அதற்கான ரசீது அசல், டாக்டர் அறிக்கை கையெழுத்தும் முத்திரையும் வைத்து, எக்ஸ்ரே சிடி. 'அப்புறம் மெயிலில் அனுப்புகிறோம்' என்பார்கள். அனுப்புவார்கள்தான், ஆனால் கிளெய்ம் கொடுக்கும் கெடு முடிந்த பிறகு வந்தாலும் வரும். ஊரிலிருந்துகொண்டு தாய் மொழி தெரியாமல் அதை விரட்டிப் பிடிப்பது பெரிய பாடு.